நாகலா மலையிடுக்குகள்: குளிக்கப் போகும் சென்னையும் குடிக்கும் சென்னையும்

செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை என்று வடமேற்கே போகிற சாலையில், சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்டிருக்கும் சிவனைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் சமவெளி முடிந்து மலை எழத் தொடங்கும். சென்னையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். நாகலாபுரம் மலை என்று வரைபடத்தில் இருக்கும். சென்னையில் ட்ரெக்கிங் போகிற கூட்டத்துக்குச் சுருக்கமாக ‘நாகலா’. நாகலா ஈஸ்ட், நாகலா வெஸ்ட் என்று பாதைகளைப் பிரித்துப் பேசுவார்கள். மேஜிக் பூல், டெட் எண்ட் பூல் என்று மடுக்களுக்கும் பெயர் உண்டு. இதே மலைகள் கிழக்கே நீண்டு கம்பாக்கம், வரதய்யபாளையம் பக்கம் போனால் உப்பலமடுகு வரும். அதை நம்மவர்கள் தடா அருவி என்பார்கள். மேற்கே போனால் கைலாசகோனா, சிங்கிரிகோனா, சதாசிவகோனா என்று ஒவ்வோர் ஓடைக்கும் ஓர் அருவி, ஒவ்வோர் அருவிக்கும் ஒரு கோயில்.

எல்லாமே ஆந்திர எல்லைக்குள் இருக்கின்றன. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்த பிறகு நாகலாபுரமும் வரதய்யபாளையமும் திருப்பதி மாவட்டத்தில் வருகின்றன. ஆனால் சனிக்கிழமை காலையில் அங்கே நிற்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்தால் பாதிக்கு மேல் தமிழ்நாட்டு எண்கள்தான். சென்னைக்குப் பக்கத்தில் ஓடையோடு சேர்ந்து நடந்து, பாறைக்குப் பாறை தாவி, நீந்திக் கடந்து போகிற பாதை வேறு இல்லை. ஆகையால் இந்த மலையிடுக்குகளை அனுபவிப்பது, காப்பது என்ற இரண்டு பேச்சிலும் சென்னைக்குப் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரியது. காரணம் தண்ணீர், அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இந்த இடுக்குகள் எப்படி உண்டாயின என்று பார்த்துவிடலாம். நகரி, நாகலாபுரம், திருமலை மலைகளின் உச்சியில் இருப்பது குவார்ட்சைட் என்கிற பாறை. பழைய கடலோர மணல் புதைந்து, அழுத்தத்தில் இறுகி, மணல் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் உண்டானது. கடப்பை வடிநிலம் என்று புவியியலாளர்கள் சொல்லும் பகுதியின் அடுக்கு இது. இந்தப் பாறைக்கே ‘நகரி குவார்ட்சைட்’ என்றுதான் பெயர். வயது நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல். திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் சாலையோரத்தில் இந்த அடுக்கு அதைவிடப் பழைய கருங்கல் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் கோடு வெளியே தெரியும். இரண்டுக்கும் நடுவில் பல கோடி ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அந்த இடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. வேண்டுதலோடு மலையேறுகிற லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேர் அந்தப் பலகையைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை.

குவார்ட்சைட் எளிதில் கரையாது, தேயாது. ஆனால் வெடிக்கும். பூமி அசைந்த காலங்களில் விழுந்த நேர்க்கோட்டு விரிசல்கள் அதில் ஏராளம். மழைத்தண்ணீர் அந்த விரிசல்களைத்தான் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. பக்கவாட்டில் அரிக்க முடியாததால் கீழ்நோக்கியே அறுக்கிறது. அதனால்தான் இங்கே பள்ளத்தாக்குகள் அகலமாக விரியாமல், இரண்டு பக்கமும் சுவர் எழுப்பின மாதிரி ஒடுங்கிக் கிடக்கின்றன. தண்ணீர் மேலேயிருந்து விழும் இடங்களில் கூழாங்கற்கள் சுழன்று சுழன்று பாறையைக் குடைந்து மடு உண்டாக்குகின்றன. சில மடுக்களின் சுவர் கையால் தடவினால் கண்ணாடி போல வழுக்கும்.

பென்னாறு இதே கடப்பை வடிநிலத்துப் பாறைகளை வெட்டிக்கொண்டு போகும் கண்டிக்கோட்டையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது பெரிய ஆறு வெட்டிய பெரிய பள்ளம். விளிம்பில் நின்று பார்க்க வேண்டியது. நாகலாவிலும் தடாவிலும் நாம் பள்ளத்தின் வயிற்றுக்குள்ளேயே நடக்கிறோம். ரசிப்பதற்கு இது கூடுதல் சுகம். காப்பதற்கு இது கூடுதல் தலைவலி. விளிம்பில் நிற்கிற ஆயிரம் பேரைக் கம்பி போட்டு நிறுத்திவிடலாம். ஓடைக்குள்ளேயே நடக்கிற நூறு பேரைச் சமாளிப்பது அப்படியில்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லவரும் சங்கதி அந்த ஒடுக்கம்தான். தண்ணீர், மிருகம், மனிதன், குப்பை, மலம் எல்லாம் ஒரே பத்தடி அகலத்தில் வந்து சேருகிற இடம் மலையிடுக்கு. பொதுவாகக் காட்டுக்குச் சொல்லப்படும் நல்ல பழக்கங்கள் பாதி இங்கே செல்லுபடியாகாது. விலகி நில் என்றால் விலக இடமில்லை.

சரி, தண்ணீருக்கு வருவோம். சென்னையைச் சுற்றி ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில். வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சமவெளியைத் தாண்டியதும் முதலில் மோதுகிற உயரமான தடைகளில் இந்த மலைகளும் உண்டு. நகரி மலைகளின் நீர் நகரி ஆறாக இறங்குகிறது. திருத்தணிப் பக்கம் நந்தி ஆறு. இரண்டும் கொசஸ்தலையாற்றோடு சேர்ந்து பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வருகின்றன. பூண்டி என்பது சத்தியமூர்த்தி சாகர், 1944-இல் திறந்தது, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அங்கிருந்து புழல், செம்பரம்பாக்கம், பிறகு நம் வீட்டுக் குழாய். 1996-இலிருந்து கிருஷ்ணா நீரும் கண்டலேறு கால்வாய் வழியாக இதே பூண்டிக்குத்தான் வருகிறது என்பதால் மலைநீரின் பங்கு பலருக்கு மறந்தே போய்விட்டது.

நாகலாபுரத்து ஓடைகள் வேறு வழி போகின்றன. அவை ஆரணியாற்றுப் பக்கம். பிச்சாட்டூரில் ஆந்திர அரசு ஓர் அணை வைத்திருக்கிறது. அதன் கீழே ஆறு நாகலாபுரம், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி என்று வந்து பழவேற்காட்டில் கலக்கிறது. பிச்சாட்டூரில் மதகு திறந்தால் ஊத்துக்கோட்டையில் தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்றுபோவது பல ஆண்டுகளாக மழைக்காலத்து வாடிக்கையாக இருந்தது. பழவேற்காடு, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதற்கு நன்னீர் கொண்டுவருவது தெற்கே ஆரணியாறு, வடக்கே காளங்கி போன்ற சில ஆறுகள்தான். ஏரியின் உப்பளவு ஏறி இறங்குவதை நம்பித்தான் அங்கே இறாலும் மீனும், அவற்றை நம்பி மீனவக் கிராமங்களும், குளிர்காலத்தில் வரும் பூநாரைகளும். மலை மேலே ஒரு மடுவில் நிற்கிற தண்ணீருக்கும் பழவேற்காட்டில் விரிகிற வலைக்கும் நடுவில் இவ்வளவு தூரம்தான்.

மாநில எல்லை குறுக்கே ஓடுவதால் இந்தத் தண்ணீர் அரசியலாகவும் இருக்கிறது. கொசஸ்தலையாற்றின் மேற்பகுதியில், சித்தூர் மாவட்டத்தில் இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்ட ஆந்திரம் திட்டமிட்டபோது, 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டு முதல்வர் என்ற முறையில் ஸ்டாலின் அன்றைய ஆந்திர முதல்வருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். சென்னையின் குடிநீர் பாதிக்கப்படும் என்பதுதான் வாதம். அணைக்குக் கடிதம் எழுதுகிறோம். அந்த அணைக்கு மேலே இருக்கும் காடு எப்படி இருக்கிறது என்று எந்த மாநிலத்திலிருந்தும் யாரும் யாருக்கும் கடிதம் எழுதிய மாதிரித் தெரியவில்லை.

காடு ஏன் முக்கியம்? குவார்ட்சைட் தண்ணீரை உறிஞ்சாது. உச்சியில் இருக்கும் மெல்லிய மண்ணும், அதைப் பிடித்து வைத்திருக்கும் புல்லும் மரமும், பாறை விரிசல்களும்தான் மழையை வாங்கி மெதுவாகக் கசியவிடுகின்றன. ஜனவரி முடிந்த பிறகும் ஓடையில் தண்ணீர் ஓடுகிறதென்றால் அது இந்தக் கசிவுதான். கைலாசகோனாவில் கோடையிலும் அருவி வற்றாமல் விழுவதற்கும் இதுவே காரணம். உச்சியில் காட்டுத்தீ பிடித்துப் புல் எரிந்து, மண் மழையோடு இறங்கிவிட்டால் என்ன ஆகும்? மழைக்காலத்தில் வெள்ளம் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும். மடுக்களில் மணலும் சேறும் நிறையும். மார்ச்சிலேயே ஓடை காயும். இடுக்கைக் காப்பாற்றுகிற வேலையில் பாதி, இடுக்குக்குள் வராத, யாரும் படம் எடுக்காத அந்த மேல்மட்டத்தில்தான் இருக்கிறது.

மடுக்கள்தான் இங்கே எல்லோரையும் இழுப்பவை, ஆபத்தும் அவற்றில்தான். நாகலாவிலும் தடாவிலும் மூழ்கி இறந்த இளைஞர்கள் பற்றிய செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. அதில் நீச்சல் தெரிந்தவர்களும் இருப்பார்கள். கிணற்றில் நீச்சல் பழகியவர், மெரினாவில் அலையில் நின்றவர், நீச்சல்குளத்தில் இருபது சுற்று அடிப்பவர், எல்லோரும் இங்கே புதியவர்களே. சுவர் வழுவழுப்பு, களைத்தால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. போன வருஷம் இடுப்பளவு இருந்த இடம் இந்த வருஷம் ஆளை மூழ்கடிக்கும், ஏனென்றால் ஒவ்வொரு வெள்ளமும் அடியில் கிடக்கும் மணலையும் கல்லையும் இடம் மாற்றுகிறது. மேலே வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர் இரண்டு ஆள் ஆழத்தில் சில்லென்று இருக்கும். அருவி விழும் இடத்தில் நுரைக்கிற தண்ணீரில் காற்றுக்குமிழி அதிகம். அது உடலை அவ்வளவாகத் தாங்காது. பாறைக்கு அடியில் குடைந்திருக்கும் பகுதிகள் மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. உயரமான பாறையிலிருந்து குதிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். அதோடு சாப்பாடும் பாட்டிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வெள்ளம் இன்னொன்று. இடுக்குக்குள் நிற்கும்போது தலைக்கு மேலே வெயில் அடிக்கலாம். மலைக்குப் பின்னால் மேல்காட்டில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். பாறை உறிஞ்சாததால் அந்த நீர் முழுவதும் வரிசையாக வந்து ஒரே வாய்க்குள் விழும். தெளிந்திருந்த தண்ணீர் திடீரென்று கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, மேலே லாரி வருகிற மாதிரி ஓர் இரைச்சல் கேட்பது, இவையெல்லாம் எச்சரிக்கை. அப்போது பையை எடுக்கத் திரும்பக் கூடாது, ஓடையோடு கீழே ஓடவும் கூடாது. பக்கத்தில் ஏறக்கூடிய பாறை எதுவோ அதில் ஏற வேண்டும். அப்படி ஏறுவதற்கு இடமே இல்லாத சில நூறு மீட்டர்களும் வழியில் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் நவம்பர் மாதத்தில் உள்ளே போவதில்லை என்றால் அதற்கு இதுதான் காரணம். நம்மவர்கள் நவம்பரில்தான் ‘ஃபுல் ஃப்ளோ’ இருக்கும் என்று கிளம்புகிறார்கள்.

மனிதரை விட்டு மற்றவர்கள் பக்கம் வருவோம். இந்த மலைகளின் தனிச்சொத்து என்றால் செம்மரம். உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் இந்தத் தென்பகுதியில்தான் இயற்கையாக வளர்கிறது. மண் இல்லாத, தண்ணீர் இல்லாத குவார்ட்சைட் சரிவுதான் அதற்குப் பிடிக்கும். அதன் பன்னாட்டு வணிகம், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் சேஷாசலம் மலைகள் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. ஈரமான பாறை இடுக்குகளை நம்பியே வாழ்கிற தங்கப் பல்லி ஒன்று இருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கே உரியது. பல பெண் பல்லிகள் ஒரே பொந்தில், ஒரே சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கும். வெளியே நாற்பது டிகிரி கொதிக்கும்போது இடுக்குக்குள் இருக்கும் குளிர்ச்சியும் ஈரப்பதமும்தான் அதற்கு வீடு. அந்தப் பாறைக்கடியில் யாரோ பிரியாணி சூடு பண்ண நெருப்பு மூட்டினால், கரி படிவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே ஒட்டியிருந்த முட்டைகள் தெரியாது. நெருப்பின் சூட்டில் குவார்ட்சைட் செதில் செதிலாக உரிந்தும் விழும்.

பறவை பார்ப்பவர்களுக்கு மஞ்சள்தொண்டைச் சின்னான் பெயர் தெரிந்திருக்கும். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழ்கிற, எண்ணிக்கை குறைந்துவருகிற பறவை. பெரிய மிருகங்களில் சிறுத்தை, கரடி, கடமான். ஏப்ரல், மே மாதங்களில் மலை முழுவதும் காய்ந்து, நான்கைந்து மடுக்களில் மட்டும் தண்ணீர் மிஞ்சும்போது இவை எல்லாவற்றுக்கும் குடிநீர் அங்கேதான். பெரும்பாலும் இரவில் வரும். அந்த மடுவின் கரையில் இருபது பேர் கூடாரம் போட்டு, ஸ்பீக்கரில் பாட்டு வைத்து விடிய விடிய உட்கார்ந்திருந்தால் அன்று இரவு அந்த மிருகம் தண்ணீர் குடிக்காமல் திரும்பும். நாம் எதையும் உடைக்கவில்லை, எதையும் கொல்லவில்லை, குப்பையைக்கூடத் திருப்பி எடுத்துவந்தோம் என்று நிம்மதியாக வீடு திரும்புவோம். இடுக்கில் ராத்தங்கல் கூடாது என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும். முகாம் போடுவதென்றால் அடிவாரத்து ஊரில் போடலாம். அந்த ஊருக்கும் நாலு காசு கிடைக்கும்.

ஓடாத தண்ணீரில் சோப்பு, ஷாம்பு, சன்ஸ்கிரீன் எல்லாம் அப்படியே தங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அடித்துக்கொண்டு போய்விடும் என்று சமாதானம் சொல்லலாம். மார்ச்சில் அந்த மடு ஒரு மூடிய தொட்டி. தவளையும் மீனும் அடுத்த மழை வரைக்கும் அதிலேயே இருந்தாக வேண்டும்.

அடுத்தது யாரும் எழுதக் கூச்சப்படுகிற சங்கதி. காட்டில் வெளிக்குப் போக வேண்டுமென்றால் தண்ணீரிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி, குழி தோண்டி மூடு என்பது உலகம் முழுக்க மலையேறுபவர்களுக்குச் சொல்லித்தரும் விதி. பத்தடி அகல இடுக்கில் அறுபது மீட்டர் தள்ளிப் போவது எப்படி? செங்குத்துச் சுவரில் ஏறியா? பாறையில் குழி தோண்டுவது எப்படி? விடுமுறை நாளில் சில நூறு பேர் ஒரே ஓடை வழியாக ஏறி இறங்கினால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை. அப்புறம் அதே ஓடையில் கைகுவித்துத் தண்ணீர் குடித்துவிட்டு ‘மினரல் வாட்டர் தோத்துடும்’ என்று சொல்வதும் நடக்கிறது. இதற்கு உண்மையான தீர்வு இரண்டுதான். பாதை தொடங்கும் இடத்தில் ஒழுங்காகத் தண்ணீர் வசதியோடு கழிப்பறை கட்டி வைப்பது. ஒரு நாளைக்கு உள்ளே போகிறவர்கள் எண்ணிக்கையைக் குறைப்பது. தனிமனித ஒழுக்கத்தால் மட்டும் இந்த ஒன்றைச் சரிசெய்ய முடியாது; இடத்தின் வடிவம் அப்படி.

எண்ணிக்கைக் கட்டுப்பாடு என்றதும் சிலருக்குக் கோபம் வரும். இயற்கை எல்லோருக்கும் பொது, காசு வாங்குவதா, முன்பதிவா என்பார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் இப்போது இருக்கும் நிலையைப் பாருங்கள். ஒரு சாவு நடந்தால் வனத்துறை பாதையை மூடுகிறது. பிறகு கண்டும் காணாமல் விடுகிறது. அப்புறம் இன்னொரு சாவு. மூடியிருக்கும் நாளிலும் உள்ளூர் ஆள் ஒருவரைப் பிடித்து, வேறு வழியாகப் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்படிப் போகிறவர்களுக்குக் கணக்கு இல்லை; விபத்து நடந்தால் தேடுவதற்குப் பட்டியலும் இல்லை.

திருட்டுத்தனமாக நுழைவதில் இன்னோர் அபாயமும் இந்த மலைகளில் உண்டு. செம்மரக் கடத்தலால் இங்கே காவல் கடுமை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 தொழிலாளர்களை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து ஏழைக் குடும்பங்களின் ஆட்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. அனுமதி இல்லாமல் இருட்டில் காட்டுக்குள் தமிழ் பேசிக்கொண்டு போகிற ஒரு கும்பலை அங்கிருக்கும் காவலர் எந்தக் கண்ணோடு பார்ப்பார் என்பதை, தோளில் விலையுயர்ந்த பையும் காலில் நல்ல ஷூவும் போட்ட நகரத்துப் பிள்ளைகள் யோசிப்பதில்லை. சட்டப்படி இது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம்.

தமிழ்நாட்டுப் பக்கம் நாம் ஒரு பெரிய விலை கொடுத்துப் பாடம் படித்தோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்கள், ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து போனவர்கள். காய்ந்த புல்லும் மலைக்காற்றும் சேர்ந்தால் தீ எவ்வளவு வேகமாக மேலேறும் என்பதை அதற்கு முன்பு சமவெளிக்காரர்கள் நினைத்துப் பார்த்ததில்லை. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று அரசு விதிமுறைகள் கொண்டுவந்தது. பிறகு 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, ஒவ்வொரு குழுவோடும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள், அவர்களில் பலர் பழங்குடி இளைஞர்கள். காட்டுத்தீக் காலம் என்பதால் 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை பாதைகள் மூடப்பட்டன.

இந்தத் திட்டத்தின் கட்டணம் அதிகம் என்பது என் கருத்து. நான்கு பேர் குடும்பத்தோடு போனால் பர்ஸ் கனம் குறைந்துவிடும். கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாது. கட்டாதவர்கள்தான் திரும்பவும் திருட்டு வழி தேடுவார்கள். ஆனால் அமைப்பு சரி. யார் போகிறார்கள் என்று தெரிகிறது, எத்தனை பேர் என்று வரம்பு இருக்கிறது, காட்டை அறிந்தவர் கூட வருகிறார், அவருக்குச் சம்பளம் கிடைக்கிறது. காட்டுக்கு வருகிறவரால் காட்டோரம் வாழ்கிறவருக்கு வருமானம் வந்தால், அந்தப் பாதையில் பாட்டில் உடைந்தால் முதலில் சண்டைக்கு வருகிறவர் அவராகத்தான் இருப்பார். சென்னை உயர்நீதிமன்றம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கொண்டுவந்ததும் இதே திசைதான். 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று எண்ணையே நிர்ணயித்தது. ஒரு மலைமாவட்டத்துக்கே எண்ணிக்கை வைக்க முடிகிறது. ஓர் ஓடைக்கு வைக்க முடியாதா?

பெரிய மலையிடுக்குகளுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுப்பதும் நடந்திருக்கிறது. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். காவிரி மலைகளுக்குள் அறுத்துக்கொண்டு வரும் பகுதியின் காடு அது. நாகலாவுக்கு அந்த அந்தஸ்து இல்லை. ஒரு பக்கம் சேஷாசலத்தின் புகழ், இன்னொரு பக்கம் பழவேற்காட்டின் பறவைகள். நடுவில் இருக்கும் இந்த மலைகள் பெயர் தெரியாமல் நிற்கின்றன. ஆந்திர வனத்துறை அடிவாரத்து இளைஞர்களைக் கொண்டு, நாளைக்கு இத்தனை பேர், காலை ஆறு முதல் மாலை நான்கு வரை, நவம்பரும் கோடையும் மூடல் என்று ஒரு முறை கொண்டுவந்தால், அதற்குக் காசு கட்டிப் போக சென்னையில் ஆள் இருக்கிறது. முன்பதிவுப் பக்கம் தமிழிலும் இருந்தால் நல்லது. வருகிறவர்களில் பெரும்பாலோர் யாரென்று அவர்களுக்கும் தெரியும்.

இப்போதைக்குப் போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் பாதி வரை நல்ல காலம். தண்ணீர் தெளிந்திருக்கும், வெள்ளப் பயம் குறையும், புல் இன்னும் முழுசாகக் காய்ந்திருக்காது. அனுமதி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் உப்பலமடுகின் முன்பகுதியோ கைலாசகோனாவோ போதும். இரண்டும் குடும்பத்தோடு போகிற இடங்கள்தான். நடக்கும்போது ஓடையோரத்து மண்ணை விட்டுப் பாறை மேலேயே நடங்கள். மண் சரியும், பாறை தாங்கும். நீந்துவதென்றால் லைஃப் ஜாக்கெட், கூச்சமே வேண்டாம். மீந்த சோற்றைக் குரங்குக்குப் போட வேண்டாம். எலும்பைக்கூடத் திருப்பி எடுத்து வாருங்கள். நாகலாபுரத்தில் கிருஷ்ணதேவராயர் காலத்து வேதநாராயணர் கோயில் இருக்கிறது. மார்ச்சில் சில நாட்கள் மாலை வெயில் வாசல் வழியே கருவறை வரைக்கும் போகும். அந்த நாட்களில் போனால் மலையேறாமலே திரும்பினாலும் நஷ்டமில்லை.

மலைக்கு ஆசை, எல்லை தாண்ட வேண்டாம் என்பவர்களுக்குப் பூண்டிக்கு அருகே குடியம் குகைகள் இருக்கின்றன. ‘ட்ரெக் தமிழ்நாடு’ பாதைகளில் சென்னைக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான், திருவள்ளூர் மாவட்டம். அங்கே அல்லிக்குழி மலையின் சுவர் முழுக்கக் கூழாங்கற்கள் பதிந்திருக்கும். பழைய ஆறுகள் உருட்டிக்கொண்டுவந்து போட்ட குவார்ட்சைட் கற்கள் அவை. 1863-இல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் இந்தப் பகுதியின் அத்திரம்பாக்கத்தில் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். பிறகு தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே செய்த அகழாய்வில், அவற்றுள் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் தெரியவந்தது. 2018-இல் வந்த இன்னோர் ஆய்வு, 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கருவி செய்யும் முறை மாறத் தொடங்கிவிட்டது என்றது. கருவிகள் பெரும்பாலும் குவார்ட்சைட். கொசஸ்தலையாற்றங்கரையில் கல் பொறுக்கியவர்களுக்குக் கல்லைத் தேடி மலைக்குப் போக வேண்டிய வேலை இருக்கவில்லை. ஆறே கொண்டுவந்து கொடுத்துவிட்டது. குடியத்துக்கு வழிகாட்டியோடு போனால் குகைக்குள் நின்று அந்தக் கற்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். ஒன்றைக்கூடப் பெயர்த்து எடுத்துவரக் கூடாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிடுவார்.